ஏழாவதாக எழுதிய பருத்தி

தோமா, ஜூலை 6

என் அடிமை ரஸ்மானேவுக்கு,

உன் எசமானி அபொலின் எழுதுவது. ஜெனீவாவில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று வயிறு வைத்திருப்பாய். உடம்பு எப்படி? மனைவி எப்படி? அங்கே மழை எப்படி? இங்கே விதைத்தவுடன் ஒரு மழை, அதற்குப் பிறகு வானம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

நீ மோசி இனம், நான் சமோ இனம். எங்கள் ஆட்கள் உங்கள் ஆட்களை அடிமை என்பார்கள். உங்கள் ஆட்கள் எங்களை நாய்த்தலை தின்னிகள் என்பார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது முன்னோர் போட்ட சட்டம். வெளிநாடு போனவனுக்கு முதலில் மறந்துபோவது சட்டம்தான். அதனால் ஒவ்வொரு கடிதத்திலும் நினைவூட்டுகிறேன்.

டிசம்பரில் நடக்கும் உலக வர்த்தக மாநாட்டுக்கு ஏழை நாடுகளெல்லாம் சேர்ந்து ஒரே கோரிக்கைப் பட்டியல் எழுதப் போகிறீர்கள், நம் நாட்டுக்காக அதில் உட்கார்ந்திருப்பது நீ என்று வானொலியில் கேட்டேன். கேட்டதும் எங்கள் தோமா ஊர்ப் பருத்திச் சங்கம் கூடியது. காலையில் தொடங்கிய பேச்சு, ஆடுகள் வீடு திரும்பும்வரை ஓயவில்லை. எடுத்த எடுப்பிலேயே பருத்தியைப் பற்றிக் கத்தத் தொடங்கிய ஓர் இளந்தாரியைத் தலைவர் உட்காரவைத்தார். "வந்ததும் வராததுமா காரியத்தச் சொல்றவன் வசூலுக்கு வந்தவன்டா. நாம கேக்க வந்தவங்க. மொதல்ல தண்ணி குடி, ஒடம்ப விசாரி" என்றார். அவர் சொன்னபடி எள்ளில் தொடங்கி, கரிட்டே மரக்கொட்டை வெண்ணெய், மாம்பழம், தோல், இறைச்சி, கைத்தறித் துணி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பருத்தியை அதற்குரிய இடத்தில் வைத்து எழுதி, தலைநகர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம். அங்கிருந்து உன் கைக்கு வரும்.

பருத்தி விலை இந்த வருஷமும் இறங்கிவிட்டது. பணக்கார நாடுகளில் விவசாயிக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறது. அவன் மலிவாகக் கொண்டுவந்து கொட்டுகிறான், நம் பருத்தியைச் சீந்த ஆளில்லை. அந்தப் பணத்தை நிறுத்தச் சொல்லி நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்காவிட்டால், அடுத்த வருஷம் எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் ஐவரி கோஸ்ட் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். எங்கள் பெரியப்பா கொடுத்த நிலத்தை உழும் உன் தம்பி ஹமிதுவும் மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

பருத்தியைப் பார்த்துக்கொள், அடிமையே.

அபொலின் தொயே

•

ஜெனீவா, ஆகஸ்ட் 2

என் அடிமை, நாய்த்தலை தின்னி அபொலினுக்கு,

எழுதத் தெரிந்த சமோ ஒருத்தி இருக்கிறாள் என்று அலுவலகத்தில் உன் கடிதத்தைக் காட்டினேன். நம்ப மறுத்துவிட்டார்கள். உடம்பு நலம். மனைவி நலம். ஏரியைப் பார்த்தபடி ஒரு வீடு. தண்ணீரை இவ்வளவு வைத்துக்கொண்டு ஒரு கத்தரிக்காய்கூடப் போடாத ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்கள் கோரிக்கை வந்து சேர்ந்தது. தலைநகரில் தட்டச்சு செய்து, எண் போட்டு, நாட்டின் கோரிக்கையாகவே அனுப்பிவிட்டார்கள். படித்தேன். நம் ஊர் வாசனை அடித்தது. எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று அப்படியே கூட்டணியிடம் கொடுத்துவிட்டேன்.

இங்கே வேலை எளிதல்ல. ஏழைகள் என்ற பெயரில்தான் ஒன்றாக உட்காருகிறோம், வயிறு வேறு வேறு. துணி தைக்கும் நாடுகள் தங்கள் சட்டைகள் வரியில்லாமல் போக வேண்டும் என்கின்றன. தீவு நாடுகளுக்கு மீன். சிலருக்கு மருந்து. பருத்தி கேட்பது மேற்கு ஆப்பிரிக்காவில் நாலே நாடு. எல்லோரும் தலையாட்டினால்தான் பட்டியல். ஒருவர் மறுத்தாலும் கிடையாது.

ஆனால் உன் பருத்திக்குத் தனி இடம் வாங்கித் தருகிறேன். மோசி வாக்குக் கொடுத்தால் குதிரை செத்தாலும் வாக்குச் சாகாது. நீ குதிரையைப் பார்த்திருக்க மாட்டாய், கழுதையை வைத்து ஊகித்துக்கொள்.

உன் எசமான்,
ரஸ்மானே இல்புதோ

•

ஜெனீவா, செப்டம்பர் 19

மதிப்பிற்குரிய செயலாளர் அபொலின் தொயே அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சங்கத்தின் கோரிக்கைகள் கூட்டணியின் பரிசீலனையில் உள்ளன. பருத்தி தொடர்பான தங்கள் கருத்து, வேளாண்மை என்னும் பொதுத் தலைப்பின்கீழ் உரிய முறையில் கவனத்தில் கொள்ளப்படும். பேச்சுவார்த்தை நடைபெற்றுவருவதால் விவரங்களைத் தற்போது தெரிவிக்க இயலாது. தொலைபேசியில் அழைப்பதைத் தவிர்க்கவும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

இங்ஙனம்,
ரஸ்மானே இல்புதோ

•

தோமா, அக்டோபர் 8

யார் செத்தது, ரஸ்மானே?

சாவு வீட்டில்கூட நாம் ஒருவரை ஒருவர் திட்டாமல் இருந்ததில்லை. உன் கடிதத்தை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எங்காவது ஒரு மூலையில் ஒரு 'நாய்' இருக்கும் என்று தேடினேன். இல்லை. 'மதிப்பிற்குரிய' இருக்கிறது. உன் வாயில் எனக்கு மதிப்பு எப்போது முளைத்தது? மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். நீ என்னவோ செய்திருக்கிறாய்.

கடிதம் வந்த அன்றே அது தெரியும். என்ன செய்தாய் என்பதைப் பிகாபா சொன்னார். மாவட்டச் சங்கத் தலைவராக ஜெனீவாக் கூட்டத்துக்கு வந்துபோனாரே, அவர்தான். பட்டியலின் வரைவை வாங்கி வந்திருக்கிறார்.

"பருத்தியத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு அபொலின். வேளாண்மைங்கிற மூட்டைக்குள்ள ஒத்த வரியா கெடக்குது" என்றார்.

"ரஸ்மானே என்ன சொன்னான்?"

"காப்பி வாங்கிக் குடுத்தான். மூஞ்சியப் பாத்துப் பேசல. கரண்டியவே பாத்துக்கிட்டிருந்தான்."

மூட்டைக்குள் கிடப்பதை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? மாநாட்டில் வேளாண்மை என்றால் கோதுமை, பால், இறைச்சி என்று பெரியவர்களின் சண்டை. அதில் நம் வரி மிதிபட்டுப் போகும். இது எனக்கே தெரியும்போது உனக்குத் தெரியாதா?

அதனால் கேட்கிறேன். எதற்கு விற்றாய்? துணி தைக்கும் நாட்டுக்காரர்கள் என்ன கொடுத்தார்கள்? நீ அந்த உலக வர்த்தக அமைப்பிலேயே பெரிய உத்தியோகத்துக்குப் போகப்போகிறாய் என்று பிகாபா காதில் விழுந்ததாம். உண்மையா? ஹமிது போன வாரம் புது மோட்டார் சைக்கிளில் சந்தைக்கு வந்தான். விதைக்கு வழியில்லை என்று அழுதவனுக்கு வண்டி எங்கிருந்து வந்தது? கேட்டால் பல்லைக் காட்டுகிறான். அண்ணன் எழுதுவதில்லை, தம்பி சிரிக்கிறான். நான் இதை எப்படிக் கூட்டுவது?

போன் செய்யாதே என்கிறாய். கையால் எழுதுகிறேன். கையால் பதில் எழுது. அச்சடித்த மரியாதை வேண்டாம்.

அபொலின்

•

ஜெனீவா, அக்டோபர் 20

அபொலின் தொயேவுக்கு,

விற்றாய் என்று எழுதிவிட்டாய். நம் சட்டப்படி நான் கோபிக்கக் கூடாது. கோபித்துவிட்டேன், முன்னோர் மன்னிக்கட்டும்.

உன் உறவுக்காரர் பிகாபாவால் எனக்கு இங்கே என்ன நேர்ந்தது தெரியுமா? வரைவை வெளியாட்களிடம் காட்டக் கூடாது. அவர் அதை ஊருக்குக் கொண்டுபோனார் என்று தெரிந்ததும், கொடுத்தது நான்தான் என்று எங்கள் தூதர் நினைக்கிறார். என் மேசைக் காகிதங்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. எனக்கு வரும் கடிதங்களின் ஓரம், யாரோ பிரித்துப் படித்து ஒட்டியதுபோல் ஈரமாக இருக்கிறது. இதை நண்பன் ஒருவன் வீட்டு முகவரியிலிருந்து அனுப்புகிறேன். அந்த உத்தியோகக் கதையை அவிழ்த்துவிட்டதும் பிகாபாதானே? அதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று நீ கேட்டாயா? ஊரில் நீ என்னைச் சந்தேகப்படுகிறாய், அலுவலகத்தில் அவர்கள். எனக்கு உன்மேலேயே சந்தேகம் வருகிறது. ஊர் வானொலிக்காரனிடம் என் கடிதத்தைக் காட்டினாயா?

வண்டி யாருடையது என்று ஹமிதுவின் மாமனாரைக் கேள். என்னைக் கேட்காதே.

எதற்கு விற்றேன் என்கிறாய். விற்கவில்லை. பருத்தியை நீங்களே ஏழாவதாக எழுதி அனுப்பினீர்கள். தலைநகரில் அதற்கு ஏழு என்று எண்ணும் போட்டார்கள். மற்ற மூன்று பருத்தி நாடுகளும் முதலில் எழுதியிருக்கின்றன. பட்டியலைச் சுருக்கும் நாளில் தலைமையில் இருந்த அம்மையார் நம் தாளைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்: "இது ஒங்களுக்கே அவசரமில்லபோல இருக்கே? ஏழாவதாப் போட்டிருக்கீங்க. வேளாண்மைக்குள்ள சேத்துரலாமா?" இங்கே முதலில் இருப்பது அவசரம், கடைசியில் இருப்பது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நம் நாடே விட்டுக்கொடுத்த பிறகு மற்ற மூன்று நாடுகளின் குரல் எடுபடவில்லை.

உங்கள் தாளின் நகலை வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து. வேண்டுமானால் அனுப்புகிறேன்.

ரஸ்மானே

•

தோமா, நவம்பர் 3

ரஸ்மானேவுக்கு,

நகல் வேண்டாம். என் கையெழுத்து எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைச் சங்கத்தில் படித்தேன். (வானொலிக்காரனிடம் எதையும் காட்டவில்லை. அவன் என் மைத்துனன், காட்டினால் ஊருக்கு முன்னால் என் மாமியாருக்குத் தெரிந்துவிடும்.) படித்து முடித்ததும் தலைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, பெரிய சொல்லு கடைசிலதான் வரும்னு வெள்ளக்காரனுக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியாதாம் பெரியவரே."

"அப்ப அவங்க ஊர்ல பொண்ணு கேக்கப் போனா, வாசல்லயே நின்னு பொண்ணக் குடுன்னா கேப்பான்?"

யாரும் சிரிக்கவில்லை. எள்ளையும் மாம்பழத்தையும் தண்ணீர்ச் செம்பு மாதிரி முன்னால் நீட்டிவிட்டு, வந்த காரியத்தை மரியாதையாகக் கடைசியில் வைத்தோம். பந்திக்கு முந்த வேண்டிய இடத்தில் பிந்தி நின்றுவிட்டோம். 

அப்போதுதான் அந்த இளந்தாரி, தலைவர் உட்காரவைத்தாரே அவன், எழுந்து கேட்டான்: "வெள்ளக்காரன விடுங்க. ரஸ்மானே நம்ம ஊரு ஆளுதான? அவருக்குமா தெரியாது?"

இந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. படித்தேன், மாற்ற வேண்டியதில்லை என்று நீயே எழுதினாய். அம்மையார் தாளைத் தூக்கிக் கேட்டபோது நீ அந்த அறையில் இருந்தாய். நீ என்ன சொன்னாய் என்பது மட்டும் உன் கடிதத்தில் இல்லை. எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறவன் அந்த இடத்தில் மட்டும் தாண்டிக் குதிக்கிறான். வண்டி மாமனாருடையதுதான், விசாரித்தேன், அந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சந்தேகம் இருக்கிறது.

உன் அப்பாவை அடக்கம் செய்த நாள் நினைவிருக்கிறதா? எங்கள் சித்தப்பா குழிக்குள் இறங்கி மல்லாந்து படுத்துக்கொண்டார். "இந்த மோசி எனக்குக் கோலாக் கொட்டை பாக்கி வச்சிட்டுப் போறான். குடுக்காம பொதைக்க விடமாட்டேன்" என்றார். நான் உடலைச் சுற்றிய பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீ அழுதுகொண்டே சிரித்தாய். கோலாவும் ஒரு சேவலும் கொடுத்த பிறகுதான் அவர் எழுந்தார். கேலி உறவுக்காரன் குழியில் படுத்தால் அரசனே வந்தாலும் புதைக்க முடியாது. வேறு யாருக்கும் அந்த உரிமை இல்லை.

இப்போது பருத்தியைப் புதைக்கிறார்கள். குழிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரே ஆள் நீ. ஒருவர் மறுத்தாலும் பட்டியல் கிடையாது என்று நீதான் எழுதினாய்.

இறங்கிப் படு.

அபொலின்

•

ஜெனீவா, நவம்பர் 27

என் அடிமை அபொலினுக்கு,

உடம்பு நலம். மனைவி நலம். ஏரியின் ஓரம் பனி பிடித்திருக்கிறது. ஹமிதுவின் மாமனாருக்கு என் வணக்கம், வண்டிக்கும்.

நீ கேட்டதற்குப் பதில். ஏழாவதாக இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தபோது சரியாகவே பட்டது. பெரிய சொல் பெரிய இடத்தில் இருக்கிறது என்று மனம் குளிர்ந்தது. ஆறு வருஷமாக இங்கே தாள் பார்க்கிறவன், உங்கள் தாளை மட்டும் தோமாவின் கண்ணால் பார்த்துவிட்டேன். அம்மையார் கேட்டபோதுதான் தலையில் இடி விழுந்தது. எழுந்து என்ன சொல்வது? எங்கள் ஊரில் கடைசிதான் முதல் என்றா? சிரிப்பார்கள் என்று பயந்தேன். அபொலின், சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். நான் விட்டுக்கொடுத்ததாக எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. கேலி செய்துகொண்டே பொய் சொல்ல நமக்குப் பழக்கமில்லையே.

நேற்று பட்டியலை முடிக்கும் கூட்டம். அம்மையார், "மறுப்பு யாருக்காவது உண்டா?" என்று வழக்கம்போல் சுத்தியலைத் தூக்கினார். நான் கையைத் தூக்கினேன்.

"பருத்திக்குத் தனி இடம் இல்லாத பட்டியலுக்கு நாங்க தலையாட்ட முடியாது."

எங்கள் தூதர் என் கோட்டை இழுத்தார். ஒற்றுமையை உடைக்கக் கூடாது என்று தலைநகர் உத்தரவு என் பையிலேயே இருந்தது.

எனக்கு எதிரே கம்போடியாவின் வன்னக். நல்ல மனிதர், பல நாள் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறோம். கோபத்தில் எழுந்து நின்றார். "ஏழாவதுன்னு எழுதினது நீங்க. இன்னைக்கு இது ஒடைஞ்சா வரிவிலக்கும் போச்சு. எங்க ஊர்ல தையல் மிஷின் முன்னாடி உக்காந்திருக்கிற பொண்ணுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உங்க பொண்ணுங்க தைக்கிற துணியும் பருத்திதான் வன்னக். அதக் குழியில போட்டுட்டு எதத் தைப்பாங்க?"

"அப்ப ஏன் ஏழாவதா எழுதினீங்க?"

சொன்னேன். தண்ணீர்ச் செம்பிலிருந்து, உடம்பு விசாரிப்பதிலிருந்து, பெண் கேட்பதுவரை சொன்னேன். எதிர்பார்த்தபடியே சிரித்தார்கள். சிரித்தால் உயிர் போகாது என்பது அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு அடங்கியபோது லாவோஸ் நாட்டுப் பெண் ஒருவர் மட்டும் சிரிக்காமல் தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்றார் மெதுவாக. மலாவிக்காரர் தன் தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

அதற்குப் பிறகும் மூன்று மணி நேரம் சண்டை. நான் குழியைவிட்டு எழவில்லை. முடிவில் வன்னக்தான், "எழுதுங்க, தனியா எழுதுங்க, இந்த ஆளு எந்திரிக்க மாட்டான்" என்றார். வரிவிலக்கு முதலாவது. பருத்தி இரண்டாவது, தனித் தலைப்போடு. மூட்டைக்குள் இல்லை. டிசம்பரில் பணக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் இருந்தோம் என்று யாரும் சொல்ல முடியாது.

தலைவருக்கு என் வணக்கம். அந்த இளந்தாரிக்கும். உங்கள் வீட்டு நாய்க்கும், அது இன்னும் உயிரோடு இருந்தால்.

எங்கள் வீட்டு முற்றத்து அறையின் கூரையை மாற்றிவைக்கும்படி ஹமிதுவிடம் சொல்.

உன் எசமான்,
ரஸ்மானே

•

தோமா, டிசம்பர் 11

உன் வேலை போய்விட்டது.

பார், வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன், வெள்ளைக்காரி மாதிரி. நீ எழுதியதில் பருத்தி நடுவில் இருந்தது, கூரை கடைசியில் இருந்தது. அதைப் படித்ததும் மற்றவர்கள் கை தட்டினார்கள். தலைவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு வருஷமாக ஏரி பார்த்த வீட்டில் இருப்பவனுக்கு இந்த முற்றத்து அறை எதற்கு? பிகாபாவை விட்டு விசாரித்தேன். திரும்பி வரச் சொல்லிவிட்டார்களாம், வந்தாலும் அலுவலகத்தில் நாற்காலி கிடையாதாம்.

உன்னை விற்றவன் என்றேன். அந்தச் சொல்லை எழுதிய கை இதுதான். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைக் கேலியில் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன், முடியவில்லை. நேராகவே சொல்கிறேன்.

பட்டியலில் போட்டதை நம்பி யாரும் இங்கே கூத்தாடவில்லை. பணக்காரன் தாளில் எழுதியதற்கும் கையால் கொடுப்பதற்கும் நடுவே எத்தனை ஆறு ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஹமிது மூட்டையைப் பிரித்துவிட்டான். இன்னும் ஒரு விதைப்பு பார்க்கிறேன் என்கிறான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர்.

குழியில் படுத்தவனைக் கூலி கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். உனக்கு யாரும் கொடுக்கவில்லை, வெறுங்கையோடு எழுந்து வருகிறாய். அது எங்கள் முறைக்கு அவமானம். கோலாவும் சேவலும் சங்கம் கொடுக்கும். ஹமிதுவின் வயலை ஒட்டி வடக்கே இருக்கும் துண்டை உனக்கு என்று பெரியப்பா சொல்லிவிட்டார். என்ன விதைப்பாய் என்று கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. கூரையை மாற்றியாகிவிட்டது.

இனி மரியாதை. உடம்பு எப்படி? மனைவி எப்படி? பனி எப்படி? எங்கள் வீட்டு நாய் நலம், உன்னை விசாரித்தது.

அடிமையே, வீட்டுக்கு வா.

அபொலின்